ஐந்தாம் வார்த்தைக்கு முன்

பேராசிரியர் தங்கையா "முடிவாக" என்று சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது, மடியில் இருந்த தாள்களை எடுத்துக்கொண்டேன், சேலைத் தலைப்பை இழுத்துவிட்டேன், எழுந்திருக்கத் தயாராக இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன், ஆனால் முடிவாக என்றவர் அங்கிருந்து எபிரெய மொழிக்குப் போய்விட்டார், எபிரெயத்திலிருந்து அரமேய மொழிக்கு, இனி கிரேக்கம் பாக்கியிருக்கிறது, கிரேக்கத்தைத் தொடாமல் இறங்குகிற ஆள் இல்லை அவர். பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை. மத்தியானம் பன்னிரண்டுக்குத் தொடங்கி மூன்றுக்கு முடிய வேண்டும், சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பேச வேண்டும், அவர் உயிர்விட்ட நேரம் மூன்று மணி என்பதால் அந்த நேரத்துக்குத் துக்க மணி அடித்தாக வேண்டும், முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. தங்கையா நான்காவது. நான் ஐந்தாவது. "தாகமாயிருக்கிறேன்" என்ற வார்த்தை எனக்கு. எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் என்பது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாத்தனார் ஜெபக்கனிக்குக்கூடத் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் வேதபாடம் வாசிக்கச் சொல்வார்கள், காணிக்கைப் பாட்டுக்குப் பின் ஒரு ஜெபம் பண்ணச் சொல்வார்கள், ஆராதனை முடிந்ததும் கஞ்சி ஊற்றுகிற இடத்தில் நிற்கச் சொல்வார்கள், நானும் அகப்பையோடு நின்றுகொண்டு ஏழு ஆண்களும் கைகழுவிக்கொண்டே தங்கள் பிரசங்கத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த வருஷம் புதிதாக வந்த போதகர், சின்ன வயசு, பெண்கள் சங்கத்துக்கு ஒரு வார்த்தை கொடுப்போம் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார். "கிரேனாப் அக்கா பேசட்டும்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகமில்லை. ஸ்கூட்டரில்தான் வந்திருக்க வேண்டும்.

ஆளுக்கு இருபது நிமிஷம் என்பது பேச்சு. முதலில் பேசியவர், "நேரம் குறைவாக இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்" என்று தொடங்கி, ஏன் நேரம் குறைவாக இருக்கிறது என்பதை விளக்கமாகச் சொன்னார். இரண்டாவது பேசியவர் பக்கத்துச் சிலுவையில் மனந்திரும்பின கள்ளனைப் பற்றிச் சொல்ல வந்து, அவன் சின்ன வயசிலிருந்து தொடங்கினார், அவன் அம்மா எப்படி வளர்த்தாள் என்றெல்லாம் சொன்னார், வேதத்தில் இல்லாத அம்மா. மூன்றாவது ஆள் மாதிரி யாரும் அழவைக்க முடியாது, அவரே அழுதுவிட்டார், அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்வதற்குள் கொஞ்ச நேரம் போனது, அதையும் என் கணக்கில்தான் பிடித்திருப்பார்கள். இப்போது தங்கையா. முன்னால் ஓடுகிற ரயிலெல்லாம் தாமதமானால் பின்னால் வருகிற ரயிலை ஊருக்கு வெளியே சிக்னலில் நிறுத்திவைப்பார்கள், பயணிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பார்கள், ஊர் விளக்கெல்லாம் தெரியும், இறங்க முடியாது. அப்படி உட்கார்ந்திருக்கிறேன். ரயில் நிலையத்தில் ரிசர்வேஷன் கவுண்டரில் வேலை எனக்கு, கண்ணாடியில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டை வழியாக ஆயுசு முழுக்கப் பேசியிருக்கிறேன், பேசியதெல்லாம் இடமில்லை, வெயிட்டிங் லிஸ்ட், அடுத்த ஆள் வாங்க. ஒரு தடவையாவது கண்ணாடி இல்லாமல், ஜனம் என் முகத்தைப் பார்த்து, நான் சொல்வதைக் கடைசிவரை கேட்க வேண்டும். இது பெருமையா? பெருமைதான். பெரிய வெள்ளியன்று உட்கார்ந்து பெருமைப்படுகிறேன். உள்ளங்கை வேர்க்கிறது, தாளின் ஓரம் நனைந்து மை பரவுகிறது, வயிற்றில் ஏதோ ஒன்று ஏறி இறங்குகிறது. பஹ்ரைனிலிருந்து மகன் நேரலையில் பார்க்கிறான், லீவு போட்டிருக்கிறான், காலையில் போன் பண்ணி, "அம்மா, கேமராவைப் பாத்துப் பேசுங்க, கீழ குனிஞ்சு வாசிக்காதீங்க" என்றான். வெள்ளைச் சேலை, இளம் ஊதாக் கரை, புதுசு. ஜெபக்கனி இடித்தாள். "மைனி, அந்த ஆளு எறங்க மாட்டாரு போல. இருமிக் காட்டுங்க." "சும்மா இரு, பிள்ளை." "நான் இருமட்டுமா?" இருமினாள். முன் வரிசையில் ஒரு அம்மா திரும்பிப் பார்த்து அவளுக்கு ஒரு மிட்டாய் நீட்டினாள், பிறகு உபவாசம் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

என் தொண்டை காய்ந்துவிட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, தாகத்தைப் பற்றிப் பேசப் போகிறவள் தண்ணீர் குடித்துவிட்டுப் போவது நன்றாக இருக்காது என்று நானே வைத்துக்கொண்டேன், இப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, முதல் வாக்கியமே வராமல் போய்விட்டால் என்ன செய்வது. மூன்று குறிப்புகள். நல்ல பிரசங்கத்துக்கு மூன்று குறிப்பு வேண்டும், மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும், இதை நான் எங்கும் படிக்கவில்லை, இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு வந்தது. தாகம், தவிப்பு, தணிவு. தாகத்தில் பாலஸ்தீன வெயில், ஆண்டவர் வாய்க்கு ஈசோப்புத் தண்டில் நீட்டிய காடி. தவிப்பில் இந்தக் காலத்து மனுஷனின் ஆசைகள், செல்போன், வீட்டுக் கடன். தணிவில் என் வீட்டுக்காரர். அதுதான் உச்சம், அங்கேதான் சபை அசையும். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ், ஒரு நாளைக்குக் குடிக்க ஒரு சின்ன பாட்டில் தண்ணீர், காபியும் ரசமும் அதற்குள்தான். அடுப்படியில் நின்று பேசிப் பழகியபோது அவர்தான் கடிகாரம் பார்த்தார். "அன்னைக்கு எல்லாரும் மூணு மணி நேரம் தண்ணி குடிக்காம இருக்கப் போறாங்க, பெரிய தியாகம்" என்றார். "எனக்கு வருஷம் பூரா பெரிய வெள்ளிதான்." நான், "உங்களைப் பத்திக் கடைசியில சொல்லட்டுமா?" என்று கேட்டேன், கேட்டுவிட்டுத் தேங்காய் துருவுவதைப் போலக் குனிந்துகொண்டேன். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "சொல்லு. ஆனா என்னைப் பாத்துச் சொல்லாத. அழ வச்சிராத. அழுதா தண்ணி தவிக்கும்." சிரித்தார். அவர் சிரிக்கும்போது மட்டும்தான் முகம் பழைய முகம், மற்ற நேரத்தில் நிறம் மாறிப்போன முகம், சுண்ணாம்பும் காவியும் கலந்தது மாதிரி, இப்போது ஆண்கள் பக்கத்தில் தூணுக்கு அந்தப் புறம் அந்த முகம் தெரிகிறதா, தெரியவில்லை, யாரோ ஒருவருடைய வழுக்கை மறைக்கிறது. கிரேக்கம் வந்துவிட்டது. அப்பாடா. கிரேக்கத்துக்குப் பின் வேறு பாஷை இல்லை.

தாகத்தை வெட்டிவிடலாம். வெயில் எல்லாருக்கும் தெரியும், பாளையங்கோட்டையில் வந்து நின்று பாலஸ்தீன வெயிலை விளக்க வேண்டியதில்லை. தவிப்பையும் வெட்டலாம், வீட்டுக் கடன் வாங்காதவர் யாருமில்லை, எதற்கு அவர்களை முறைக்கவைக்க. தணிவு போதும். வீட்டுக்காரரை வைத்துக்கொள்கிறேன். தாளைப் புரட்டி அந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன், என் கையெழுத்துத்தான், "ஆரம்பத்தில் ஒரு துளிக்காக என்னிடம் கெஞ்சினார், பிரிட்ஜைப் பூட்டி வைத்தேன்" என்று இருக்கிறது, அது நடந்தது. "ஆனால் ஒரு நாள் அதிகாலையில் தேவன் அவரைத் தொட்டார், அந்த நாள் முதல் அவர் முகம் சந்தோஷத்தால் மலர்ந்தது" என்று இருக்கிறது. எந்த நாள்? இதை எழுதும்போது கை நிற்கவே இல்லை, ஆண்டவர் செய்ததைச் சபையில் சாட்சியாகச் சொன்னால் அதில் ஒரு நாள் வர வேண்டும், சாட்சி சொல்கிற எல்லாருக்கும் ஒரு நாள் இருக்கிறது, கிழமையோடு சொல்வார்கள். இப்போதுதான் கேட்கிறேன், எந்த நாள். அப்படி ஒரு நாளை நான் பார்க்கவில்லை. மலர்ந்த முகத்தையும் பார்க்கவில்லை. சந்தோஷத்தால் மலர்ந்த முகம் எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது, அது என் முகம், அதற்கு மட்டும் ஒரு நாள் உண்டு, திங்கட்கிழமை, கவுண்டரில் கூட்டம், அப்போதுதான் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து வைத்திருந்த மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. யாரோ மூளைச்சாவு அடைந்துவிட்டார், சிறுநீரகம் பொருந்தும் போலிருக்கிறது, உடனே புறப்பட்டு வாருங்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்து, வரிசையில் நின்றவர்களிடம், "எங்க வீட்டுக்காரருக்குக் கிட்னி கிடைச்சிருச்சு, கவுண்டர் மூடுறேன், மன்னிச்சுக்கிடுங்க" என்றேன். அவர்கள் கைதட்டினார்கள். தத்கால் டிக்கெட்டுக்கு விடியலிலிருந்து நிற்கிறவர்கள் கைதட்டினார்கள்.

கார் பிடித்துப் போனோம். நான் வழியெல்லாம் பாடினேன், டிரைவர் பையன் இந்து, அவனும் தாளம் போட்டான், கங்கைகொண்டான் தாண்டுவதற்குள் மகனுக்கு, போதகருக்கு, ஜெபக்கனிக்கு, பெண்கள் சங்கத்துக்கு, எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, கயத்தாறில் காற்றாலைகள் எல்லாம் எனக்காகவே சுற்றுவது போல இருந்தது, இனி இவர் செம்பு நிறையத் தண்ணீர் குடிப்பார், தொண்டை மேலும் கீழும் போகக் குடிப்பார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இவரோ கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கினார். "என்ன மனுஷன் நீங்க, இப்பப் போய்த் தூங்குறீங்க" என்று உலுக்கினேன். கோவில்பட்டியில் இரண்டாவது போன் வந்தது. வேறொருவருக்கு நன்றாகப் பொருந்திவிட்டது, நீங்கள் திரும்பிப் போகலாம், பட்டியலில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். வெயிட்டிங் லிஸ்ட். யாரிடம் அதைச் சொல்கிறார்கள். வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன், கீழே இறங்கினேன். இவர் இறங்கிவந்து பக்கத்தில் நின்றார். "சரி, வந்தது வந்தோம், கடலைமிட்டாய் வாங்கிட்டுப் போவோம்" என்றார். "உங்களுக்கு ஆகாதே." "உனக்கும் டிரைவருக்கும்." வாங்கினார். வண்டியில் ஏறினார். திரும்பி வரும்போதும் தூங்கினார். அதே மாதிரி, அதே பக்கம் தலையைச் சாய்த்து. நான் எப்படிக் கொதித்தேன், எல்லாருக்கும் மறுபடி போன் பண்ண வேண்டும், நாளைக்கு அந்த ஓட்டை வழியாக எத்தனை பேர் கேட்பார்கள், இந்த மனுஷன் குறட்டை விடுகிறார். நாங்குநேரியில் இருக்கிற என் அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டு வாசலில் இறங்கியபோது கேட்டேன், "உங்களுக்கு வருத்தமே இல்லையா?" சொன்னார், "இருக்கு. அதுக்காக முழிச்சுக்கிட்டே வரணுமா?"

அன்றைக்குக் காரில் ஏறி இறங்கிய வயிறு, இதே வயிறுதான். இப்போது பிடிபடுகிறது. கங்கைகொண்டான் தாண்டும்போது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, உள்ளங்கை வேர்வை, பாடத் தோன்றுவது, எல்லாரிடமும் சொல்லத் தோன்றுவது. இப்போது தங்கையாதான் கோவில்பட்டி. ஜெபத்துக்குத் தலை குனிகிறார், முடித்துவிட்டார், இல்லை, ஜெபத்திலேயே தன் குறிப்புகளை ஆண்டவருக்கு மறுபடி எடுத்துச் சொல்கிறார். முன்னால் இருந்த வழுக்கையும் குனிந்துவிட்டது, தூணுக்கு அந்தப் பக்கம் முழுதாகத் தெரிகிறது. தூங்குகிறார். என் வீட்டுக்காரர். ஏழு வார்த்தையில் நாலாவது நடக்க, ஐந்தாவது பேசப் போகிறவளின் புருஷன், தூணில் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து. கோபம் வர வேண்டும், வரவில்லை, சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. இவரைப் பற்றியா மலர்ந்த முகம் என்று எழுதினேன். இவர் மலரவில்லை. முதல் மாதத்தில் என்னைத் திட்டினார், ஆண்டவரைத் திட்டினார், குளிக்கும்போது வாயைத் திறந்துகொண்டு நின்றதைக் கதவிடுக்கில் பார்த்தேன். பிறகு எப்போதோ, சோற்றுக்கு ஜெபம் பண்ணுகிற மாதிரி தண்ணீருக்கும் ஜெபம் பண்ணத் தொடங்கினார். கேலிக்குச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். கேலியாகத்தான் தொடங்கியிருக்கலாம். ஒரு டம்ளரின் கால்வாசி, அதற்கு ஒரு ஸ்தோத்திரம், மெதுவாகக் குடிப்பார், டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார், பேப்பர் எடுப்பார். இன்னும் கொஞ்சம் என்று அந்த முகம் கேட்காது. கேட்காமல் போனது எந்த நாள் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, அதற்குத் தேதி இல்லை, போன் பண்ணி அது வரவில்லை, அதனால்தான் இன்னொரு போன் வந்து அதை எடுத்துக்கொண்டு போகவும் முடியவில்லை. ஆனால் இதை எப்படி மூன்றாவது குறிப்பாக வைப்பது. தாகம் தணிந்தது என்று சொல்ல முடியாதே. தணியவில்லை. அவருக்கு இந்த நிமிஷமும் நாக்கு வறண்டுதான் இருக்கும். தாகத்தோடு உட்கார்ந்து தூங்குகிறார். ஒருவேளை விரக்தியோ? இல்லை, விரக்தி அடைந்தவன் கடலைமிட்டாய் வாங்க மாட்டான்.

தங்கையா இறங்கிவிட்டார். பாட்டு தொடங்குகிறது, சபை எழும்புகிறது, விசிறிச் சத்தத்துக்கு மேல் நூற்றுக்கணக்கான சேலைகள் சரசரக்கின்றன. போதகர் பக்கவாட்டுக் கதவு வழியாகக் குனிந்துகொண்டே எங்கள் வரிசைக்கு வருகிறார், அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் கவுண்டரில் நான் வைத்திருக்கிற முகம் அது. "அக்கா, மன்னிச்சிருங்க. ரெண்டே நிமிஷத்துல சொல்லிர முடியுமா? மூணு மணிக்கு மணி அடிக்கணும்." "சரிங்க ஐயா." அவர் போவதற்குள் ஜெபக்கனி என் முழங்கையைப் பிடித்தாள். "மைனி, விட்டுராதீங்க. அந்த ஆளு தின்ன நேரத்துல பாதியாவது பேசுங்க. மைக்க யாரும் பிடுங்க மாட்டாங்க. ரெண்டு நிமிஷம் குடுக்காராம், பிச்சையா?" அவள் சொல்வது சரி. யாரும் பிடுங்க மாட்டார்கள். மேலே ஏறிவிட்டால் நான்தான், மணி அடிக்கிறவரே காத்திருக்க வேண்டும், என் மகன் லீவு போட்டிருக்கிறான். எனக்கு அடுத்து ஆறாவது வார்த்தைக்கு யார் என்று பார்த்தேன், பாக்கியசிங், அரசு பஸ்ஸில் கண்டக்டர், அவருக்கும் இதுதான் முதல் தடவை, பீடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் வேட்டியில் கையைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருக்கிறார், அவர் பெண்டாட்டி இந்தப் பக்கம் மூன்று பிள்ளைகளையும் எண்ணெய் வைத்துப் படிய வாரி முன் வரிசையில் உட்கார்த்தியிருக்கிறாள். அவருக்கும் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நான் எடுக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அங்கிருந்துதான் வர வேண்டும், வேறு எங்கும் நேரம் மிச்சமில்லை.

தாள்களை ஜெபக்கனி மடியில் போட்டேன். "மைனி, குறிப்பு!" என்றாள். நடந்தேன். படி ஏறியது தெரியவில்லை. மைக் தங்கையா உயரத்துக்கு இருந்தது, தாழ்த்தினேன், கிறீச்சிட்டது, சபை முழுக்க முகம், கண்ணாடி இல்லை. நாக்கு ஒட்டுகிறது, ஒட்டட்டும். வீட்டுக்காரர் தன்னைப் பார்க்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார், பார்த்தேன், மைக் சத்தத்தில் விழித்துவிட்டார், கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் யார் என்பது போலப் பார்த்தார். "என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றேன். "குடிப்பதற்கு முன் ஸ்தோத்திரம் சொல்லுகிறார். குடித்த பிறகு டம்ளரைக் கழுவி வைக்கிறார். அவருடைய தாகம் தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் நல்லாத் தூங்குகிறார், நீங்களே பார்த்திருப்பீர்கள்." ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டு நிறுத்தினார்கள். "சிலுவையில் தாகத்தைச் சொன்னவர் தன் பக்கத்தில் இருக்கிறார், அது போதும் என்று இவர் இருக்கிறார். எனக்கு அது இன்னும் முழுசாக வரவில்லை. வரும் என்று விசுவாசிக்கிறேன். ஆமென்." அவ்வளவுதான் இருந்தது. இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன், இல்லை, இறங்கிவிட்டேன். பாட்டு நடத்துகிறவர் இதை எதிர்பார்க்கவில்லை, புத்தகத்தில் பக்கத்தைத் தேடினார். போதகர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, ஓடி வந்து உட்கார்ந்தது போல. ஆனால் எங்கும் போகச் சொல்லி அடிக்கவில்லை. ஜெபக்கனி தாள்களை என் கையில் திணித்தாள். "இவ்வளவுக்குத்தானா மைனி புதுச் சேலை?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, துக்க நாளில், துக்கச் சேலையில், தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தேன், அவளும் சிரித்துவிட்டாள், முன்னால் இருந்த அம்மா நாங்கள் அழுகிறோம் என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பாட்டு முடிந்தது. பாக்கியசிங் ஏறினார், மைக்கை உயர்த்தவில்லை, குனிந்துகொண்டார், பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்பது போலக் காலை அகட்டி நின்றுகொண்டு தொண்டையைச் செருமினார். பன்னிரண்டு மணியிலிருந்து எனக்கு முன்னால் நான்கு பேர் பேசியிருக்கிறார்கள், அவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பது தெரியும், என்ன பேசினார்கள் என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் பேசத் தொடங்கினார், நான் கேட்கத் தொடங்கினேன்.